வெந்நீர் குடிக்கிறவன்

அன்றைக்குப் பச்சை போர்டுக்குக் கீழே நின்றவர்கள் இவர்கள்.

மேனேஜர். பில் போடும் பெண். மெஷின் ரூம் ஆபரேட்டர். எலக்ட்ரீஷியன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். இறால் பெட்டி ஏற்ற வந்த லாரி டிரைவர். ஒடிசாவிலிருந்து வந்து லோடு வேலை செய்கிற ஐந்து பேர்: நெட்டையன், நெட்டையனின் தம்பி, தாடி வைத்தவன், எந்நேரமும் போனில் பாட்டுக் கேட்கிறவன், அன்று மதியம்தான் ஊரிலிருந்து திரும்பி வந்தவன். டீ போடும் அம்மா. கேட்டில் நிற்கும் நான்.

பதிமூன்று பேர். நோட்டிலும் பதிமூன்று பெயர்.

அந்தப் பெயர்களை இங்கே எழுத மாட்டேன். பெயரால்தான் அன்றைக்குத் தப்பு நடந்தது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். பெயர் எழுதுவேன், நேரம் எழுதுவேன், வண்டி நம்பர் எழுதுவேன். கேட் வேலைக்கு அது போதும். கும்மிடிப்பூண்டியில் மூன்று கம்பெனி கேட்டில் நின்றிருக்கிறேன். இது நாலாவது. மீனும் இறாலும் வைக்கிற கோல்டு ஸ்டோரேஜ். உள்ளே நான்கு ரூம். ஒவ்வொன்றிலும் மைனஸ் பதினெட்டு. நான்குக்கும் முன்னால் நீளமாக ஒரு நடை. நடையின் ஒரு முனையில் மெஷின் ரூம். மறுமுனையில் லாரி வந்து முதுகைக் கொடுத்து நிற்கிற ஷட்டர். குளிரைச் செய்கிறது அமோனியா. அது குழாய்க்குள் இருக்கிற வரை நல்லது. வெளியே வந்தால் கண்ணைப் பிடுங்கும், மூச்சை அடைக்கும்.

கேட்டை ஒட்டித் தகர ஷெட் போட்டு டீ போடுவார் அந்த அம்மா. பக்கத்துக் கிராமம். முன்பு நடவுக்கும் களை எடுக்கவும் போனவர். என்னைவிடப் பத்து வயது சிறியவர். என்னை அண்ணா என்பார். மற்ற எல்லாரையும் அவர்கள் குடிக்கிறதை வைத்துக் கூப்பிடுவார். மேனேஜர் சர்க்கரை இல்லாதவர். எலக்ட்ரீஷியன் ஸ்ட்ராங்கு. பில் போடும் பெண் பாதி கிளாஸ். நெட்டையன் ரெண்டு கிளாஸ். நேருக்கு நேரே அப்படித்தான் கூப்பிடுவார்.

"யப்பா ஸ்ட்ராங்கு, அந்த ஃபேன் சுச்ச பாரு, கைல ஷாக் அடிக்குது."

எலக்ட்ரீஷியனும் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

அந்தப் பையன் வந்து இருபது நாள் ஆகியிருந்தது. பையன் என்று சொல்கிறேனே தவிர, கல்யாணம் ஆனவன். போனில் குழந்தை படம் வைத்திருந்தான். அவன் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

லோடு ஆட்களில் ஒருவன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனான். ஆள் கொண்டுவருகிற மேஸ்திரி அவன் இடத்தில் இவனைக் கொண்டுவந்து விட்டார். புதுப் பாஸ் போட்டால் நாள் ஆகும் என்று ஊருக்குப் போனவனின் பாஸையே இவன் கையில் கொடுத்து அனுப்பினார். பாஸில் போட்டோ உண்டு. ஆனால் இந்த வேலையில் எந்நேரமும் ஈரம். ஒரு மாதத்தில் தண்ணீர் உள்ளே இறங்கி முகம் கலைந்துவிடும். எல்லாருடைய பாஸிலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. நான் பாஸில் இருக்கிற பெயரைப் பார்ப்பேன், நோட்டில் எழுதுவேன். இருபது நாளும் அப்படித்தான் எழுதினேன். பாஸைப் பார்த்தேன். ஆளைப் பார்க்கவில்லை.

டீ போடும் அம்மா ஆளைத்தான் பார்த்தார். முதல் நாள் டீ நீட்டினார். அவன் தலையை ஆட்டினான். மறுநாளும் ஆட்டினான்.

"டீ வாணாமா? தொரைக்கு இன்னா வோணும், காபியா?"

அவனுக்குத் தமிழ் தெரியாது. காலி கிளாஸை எடுத்துக் கன்னத்தில் வைத்துக் காட்டினான். அப்புறம் இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினான். குளிர் ரூமிலிருந்து வெளியே வந்தவனுக்குக் கையில் பிடிக்கச் சூடாக ஏதாவது வேண்டும். அது அந்த அம்மாவுக்குப் புரிந்தது. டீ ஏன் வேண்டாம் என்பது புரியவில்லை. பாலா, சர்க்கரையா, சாமிக்கு வேண்டுதலா, இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. அவரும் தோண்டிக் கேட்கவில்லை. வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். அவன் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். அப்புறம் குடித்தான்.

மூன்றாம் நாள் வீட்டிலிருந்து ஒரு சிவப்பு ஃபிளாஸ்க் கொண்டுவந்தார். மூடியில் கீறல் விட்ட ஃபிளாஸ்க். அதில் வெந்நீர் ஊற்றித் தனியாக வைத்தார்.

நான் கேட்டேன். "ஒரு ஆளுக்காவ ஊட்லருந்து ஃபிளாஸ்க்கா?"

"டீ போட சொல்ல கேட்டா கொதிக்கிது, அப்பால கேட்டா ஆறிப்பூடுது. அந்தப் புள்ள எப்ப வெளிய வருமோ யாரு கண்டா. இருந்துட்டு போவுதுண்ணா."

மேனேஜர்கூட ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். "வெந்நீருக்கு நான் எந்தக் கணக்குல எழுதறதும்மா?"

"எழுதாதீங்க சார். யாரு கேக்கறது?"

அந்த அம்மா தமிழில் பேசுவார். அவன் அவனுடைய பாஷையில் பேசுவான். ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் ஆரம்பிப்பார். ஒரு தடவை போனில் இருந்த குழந்தையைக் காட்டினான். "ஒன்ன மாதிரியே கீது, மூக்குதான் பொண்டாட்டி மூக்கா?" என்று கேட்டார். அவன் தலையாட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவனுக்கே தெரியாது. இரண்டு பேரும் சிரித்தார்கள். கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி அன்றைக்கு நடந்தது.

பொங்கல் வாரம். பாதிப் பேர் லீவு. காலையில் பாஸ் பார்த்து எழுதினேன். வெந்நீர் குடிக்கிறவன் வழக்கம்போல ஊருக்குப் போனவனின் பெயரில் உள்ளே போனான். மதியம் ஒரு மணி வாக்கில் ஊருக்குப் போனவனே வந்து நின்றான். தோளில் பை, கையில் கல்யாணப் பலகாரப் பொட்டலம். ரயிலை விட்டு இறங்கி நேராக வருகிறான். அவர்கள் தங்குகிற ரூம் பூட்டியிருந்தது. சாவி நெட்டையனிடம். சாவி வாங்கத்தான் வந்தான். ஆள் குறைவாக இருந்ததால் மேஸ்திரி போனிலேயே, வந்ததுதான் வந்தாய், லாரி நிற்கிறது, ஏற்றிவிட்டுப் போ என்றார்.

எனக்கு அவனைத் தெரியும். ஒரு வருஷமாகப் பார்க்கிற முகம். "போ" என்றேன். நோட்டைத் திறந்தேன். அவன் பெயர் காலையிலேயே அங்கே இருந்தது. இன்னொரு தடவை எழுதினால் ஒரே பெயர் இரண்டு முறை வரும். யாராவது கேட்பார்கள். நோட்டை மூடினேன். இந்தத் தடவை ஆளைப் பார்த்தேன். பாஸைப் பார்க்கவில்லை.

ஒரு பெயரில் இரண்டு ஆளை உள்ளே விட்டது நான்தான். வேறு யாரும் இல்லை.

மூன்றே முக்காலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சைரன் அடித்தது. மெஷின் ரூமுக்கு வெளியே, நடையில் போகிற குழாயில் ஒரு ஜாயின்ட் விட்டுவிட்டது. எல்லாரும் கேட்டை ஒட்டியிருக்கிற பச்சை போர்டுக்கு ஓடி வந்தார்கள்; ஆபத்து என்றால் கூட வேண்டிய இடம் அது. காற்று கிழக்கே கடல் பக்கமிருந்து வந்தது. கேட் கிழக்கில். அதனால் எங்கள் பக்கம் வாடை குறைவு. கடைசியாக வந்தவர் மெஷின் ரூம் ஆபரேட்டர். கண் இரண்டும் சிவப்பு. இருமிக்கொண்டே சொன்னார்.

"மெயின் வால்வ மூடிட்டன் சார். இதுக்கு மேல வராது. ஆனா நடை பூரா ரொம்பிக் கீது. ஒரு மணி நேரம் யாரும் உள்ள போவக்கூடாது."

சோழவரம் பக்கத்திலிருந்து பைக்கில் வருகிறவர் அவர். அதிகம் பேச மாட்டார். எல்லாரும் வெளியே ஓடியபோது அவர் வாடை வருகிற பக்கம் போய் வால்வை மூடிவிட்டு வந்திருந்தார். யாரும் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

மேனேஜர் தீயணைப்புக்குப் போன் செய்தார். என்னைப் பார்த்து "எண்ணு" என்றார். நோட்டை எடுத்துப் பெயர் பெயராகப் படித்தேன். ஒவ்வொருவரும் கை தூக்கினார்கள். ஊரிலிருந்து திரும்பி வந்தவன் பெயரைப் படித்தேன். அவன் கை தூக்கினான். முடித்தேன்.

"பதிமூணு சார். சரியா கீது."

"நல்லவேளை" என்றார் மேனேஜர். "அப்ப ஒண்ணும் பயமில்ல. எல்லாரும் இங்கயே இருங்க."

பில் போடும் பெண் கீழே உட்கார்ந்தார். எல்லாருக்கும் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் பேச்சும் வந்தது. டீ போடும் அம்மா சிவப்பு ஃபிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா, ஊட்டு சொத்த தூக்கினு வந்துட்ட?"

"அடுப்ப அணைச்சன். கைல இருந்தது கூட வந்துச்சு. ஒனக்கு இன்னாடா?"

லாரி டிரைவர் பள்ளிப்பட்டுக்காரர். ஆந்திரா எல்லை. எதற்கும் ஒரு நைனா போடுவார்.

"இறால ஏத்த வந்தன் நைனா, என்னயே வறுத்துருப்பீங்க. ஏம்மா, அதுல டீ இருந்தா இப்டி ஊத்து. தொண்ட எரியுது."

"டீ இல்லப்பா. வெந்நீரு."

"வெந்நீரா? இத எவன் குடிப்பான்?"

"குடிக்கிறவன் கீறாம்பா" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டுத் திரும்பினார். அவனிடம் கொடுக்கத்தான் திரும்பினார். ஒடிசா ஆட்கள் நின்ற பக்கம் பார்த்தார். எங்கள் பக்கம் பார்த்தார். ஷெட் பக்கம் பார்த்தார்.

"எங்க அவன்?"

மேனேஜர் கேட்டார். "யாரும்மா?"

"வெந்நீரு குடிக்கிற புள்ள சார்."

"பேரு என்ன?"

"பேரு தெரியாது."

மேனேஜர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நிமிஷம் தெரிந்திருக்க வேண்டும். காலையில் ஒருவன், மதியம் ஒருவன். தெரியவில்லை. மண்டைக்குள் நோட்டுதான் இருந்தது.

"நோட்டுல எல்லாம் சரியா கீது சார்."

"நோட்டா வெந்நீரு குடிக்கிது?" என்றார் அந்த அம்மா. என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

"அம்மா, பதற்றப்படாதீங்க. எண்ணியாச்சு. எல்லாரும் இருக்காங்க" என்றார் மேனேஜர்.

அந்த அம்மா பதறவில்லை. ஒடிசா ஆட்கள் ஐந்து பேரிடமும் போனார். ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றினார். நெட்டையனிடம் நீட்டினார். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். தம்பியிடம் நீட்டினார். அவனும் ஆட்டினான். தாடிக்காரன், பாட்டுக் கேட்கிறவன், இரண்டு பேரும் வாங்கவில்லை. ஊரிலிருந்து திரும்பி வந்தவனிடம் நீட்டினார். அவன் மூடியைப் பார்த்தான். ஆவி வந்துகொண்டிருந்தது. வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

"சொல்லுப்பா" என்றார் அவர், மெதுவாக.

அவன் மூன்று விரலைத் தூக்கினான்.

மூன்றாம் நம்பர் ரூம்.

அப்புறம் அரைகுறைத் தமிழிலும் ஹிந்தியிலும் வந்தது. இருவரும் ஒன்றாக மூன்றாம் ரூமில் வேலை செய்திருக்கிறார்கள். இவன் தள்ளுவண்டியை நடையில் இழுத்துக்கொண்டு வந்தபோது வாடை அடித்தது. ஓடிவிட்டான். அவன் உள்ளே. ஒரு சாண் கனத்துக் கதவு. சைரன் உள்ளே கேட்காது. வெளியே வந்து இவன் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரே பாஸில் இரண்டு பேர் என்று தெரியும். இருவர் வேலையும் போகும், மற்ற நான்கு பேருக்கும் தொல்லை வரும். பயந்து நின்றிருந்தான். மற்ற நான்கு பேரும், ஊரிலிருந்து இவன் வந்துவிட்டதால் அவன் வேலையை விட்டுக் கிளம்பிப் போயிருப்பான் என்று நினைத்திருக்கிறார்கள்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவன் ஐந்து நிமிஷம் பயந்தான். நான் மதியத்திலிருந்து பயந்து நோட்டை மூடி வைத்திருந்தவன்.

"சார், அது நெசம்" என்றேன். "ஒரே பேருல ரெண்டு பேர வுட்டன்."

மேனேஜர் முகம் வெளுத்தது. என்னைத் திட்டவில்லை. ஆபரேட்டரிடம் திரும்பினார்.

"கதவு மூடியிருக்கு இல்ல? உள்ள கேஸ் போகாது இல்ல? தீயணைப்பு வண்டி வர்ற வரைக்கும் அவன் பத்திரமா இருப்பான் இல்ல?"

"இருப்பான் சார், உள்ளயே இருந்தா. ஆனா இருக்கமாட்டான். இருவது நிமிசத்துல வெரலு மரத்துடும். மரத்துட்டா கதவத் தள்ளிக்கினு வெளிய வந்துடுவான். வந்தா கேஸுக்குள்ளதான் வருவான். நாப்பது அடி நடக்கணும். நடக்க முடியாது."

"எப்ப உள்ள போனான்?"

திரும்பி வந்தவன் என் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினான். மூன்றரை. நான் பார்த்தேன். மூன்று நாற்பத்தெட்டு.

ஆபரேட்டர் என்னிடம் வந்தார். "மாஸ்க் பொட்டி சாவி" என்று கை நீட்டினார். என் இடுப்பில் இருந்தது. கொடுத்தேன். மூச்சுக் காற்று சிலிண்டர் வைத்த மாஸ்க் ஒன்றுதான் உண்டு. அவருக்குத்தான் மாட்டத் தெரியும். மாட்டிக்கொண்டே எல்லாருக்கும் வேலை சொன்னார். டிரைவர் லாரியை முன்னால் எடுக்க வேண்டும், ஷட்டரை முழுக்கத் திறந்தால் காற்று உள்ளே போகும். எலக்ட்ரீஷியனும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரும் தண்ணீர்க் குழாயைப் பிடித்து நடைக்குள் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அமோனியா தண்ணீரில் கரையும். கோணியை நனைத்துத் தர வேண்டும்.

டிரைவர் வெளியூர்க்காரர். எங்கள் கம்பெனி ஆள் இல்லை. கேட்டைத் திற என்றிருந்தால் திறந்துவிட்டிருப்பேன், நடந்தே போயிருக்கலாம். லாரியை நோக்கி ஓடினார். ஓடிக்கொண்டே சொன்னார்: "செத்தா எங்க ஊட்ல போய் நீ பதில் சொல்லு நைனா." அரை லோடு இறாலோடு லாரியை உருட்டிக்கொண்டு வந்து சுவர் ஓரம் நிறுத்தினார். இறங்கி வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு குழாய் பிடிக்கப் போனார்.

நானும் நெட்டையனும் சங்கிலியைப் பிடித்து ஷட்டரை ஏற்றினோம். கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியது போல இருந்தது. நெட்டையன் அழுதுகொண்டே இழுத்தான். வாடையால் அழுதானா, வேறா, கேட்கவில்லை.

ஆபரேட்டர் இடுப்பில் கயிறு கட்டினார். மறுமுனையை யாராவது பிடிக்க வேண்டும். விழுந்தால் இழுக்க. ஷட்டர் வாயிலேயே நிற்க வேண்டும். வாடை அதிகமான இடம். மேனேஜர் கை நீட்டினார். ஆபரேட்டர் அவரிடம் தரவில்லை. திரும்பி வந்தவனைக் கூப்பிட்டார். கயிற்றை அவன் கையில் வைத்தார். மாஸ்க்குக்குள்ளிருந்து பேசியது பாதிதான் கேட்டது.

"இவன் புடிக்கட்டும். இவன் உட மாட்டான்."

அவன் பிடித்தான். முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றி நின்றான்.

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் பயந்து வாய் மூடி நின்றவன் கையில் தன் உயிரைக் கொடுக்க ஒரு மனுஷனுக்கு எப்படி முடிந்தது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஒரு நாள் ஆபரேட்டரிடம் கேட்டேன். பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவனுக்கும் ஒரு வேல வோணும் இல்லண்ணா அப்ப" என்றார். அவ்வளவு படித்தவரும் இல்லை அவர். ஆனால் அது எனக்குத் தோன்றியிருக்காது.

அவர் உள்ளே போனார். கயிறு போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் சத்தம் மட்டும். பிறகு கயிறு நின்றது. டீ போடும் அம்மா எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஃபிளாஸ்க்கை மூடிக் கெட்டியாகப் பிடித்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. சாமியைக் கூப்பிட்டாரா, எண்ணினாரா, தெரியாது.

கயிறு தளர்ந்தது. திரும்பி வந்தவன் அதைச் சுருட்டத் தொடங்கினான். முதலில் ஆபரேட்டரின் முதுகு தெரிந்தது. பின்னால் ஒரு ஈரக்கோணி நடந்து வந்தது. கோணிக்குக் கீழே இரண்டு கால்.

வெந்நீர் குடிக்கிறவன் அதற்கு முன்பே ஒரு தடவை கதவைத் தள்ளியிருக்கிறான். ஒரு மூச்சு வாடை அடித்ததும் இழுத்து மூடிவிட்டு, குளிருக்குப் போட்டிருந்த கோட்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டான். இன்னும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருப்பானா என்று ஆபரேட்டரிடம் கேட்டார்கள். அவர் குனிந்து இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார்.

வெளியே கொண்டுவந்து குழாயடியில் உட்கார வைத்துக் கண்ணைக் கழுவச் சொன்னார். டீ போடும் அம்மாதான் அவன் தலையைப் பிடித்துக் கழுவினார். அவன் புருவத்தில் பனி வெள்ளையாக ஒட்டியிருந்தது. இருமினான். அழுதான். நெட்டையனிடம் ஏதோ கேட்டான். நெட்டையன் ஹிந்தியில் சொன்னதை மேனேஜர் எங்களுக்குச் சொன்னார். நான் என்ன தப்பு செய்தேன், எல்லாரும் ஏன் என்னையே பார்க்கிறார்கள் என்று கேட்டானாம்.

அந்த அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்தார். கிளாஸ் இல்லை. மூடியிலேயே ஊற்றினார். அவன் விரல் மடங்கவில்லை. மூடியை அவன் கைகளுக்கு நடுவில் வைத்து, வெளியே தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டார். வெந்நீர் ஆறுகிற வரை இரண்டு பேர் கையும் அப்படியே இருந்தது. பிறகு குடிக்க வைத்தார்.

டிரைவர் பார்த்துக்கொண்டு நின்றார். "எவன் குடிப்பான்னு கேட்டன்" என்றார். "மன்னிச்சிக்கம்மா."

"நீ கேக்கலன்னா நான் பாத்திருக்கமாட்டன்" என்றார் அந்த அம்மா. "ஒனக்கும் ஊத்தட்டா?"

"ஊத்து."

லாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து வந்து அவரும் குடித்தார்.

அப்புறம் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீயணைப்பு வண்டி வந்தது, நடையைக் கழுவிக் கொடுத்தார்கள். அவனையும் ஆபரேட்டரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், சாயங்காலமே வந்துவிட்டார்கள். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் எழுதவில்லை என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். மூன்று நாள் வேலை தராமல் வீட்டில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன். அது குறைவு. அந்த வாரமே இரண்டு பேருக்கும் தனித் தனிப் பாஸ் வந்தது. அதற்காக மேனேஜர் மேஸ்திரியோடு நடுரோட்டில் சண்டை போட்டதை நான் பார்த்தேன். அமைதியான மனுஷன். அன்றைக்குக் கத்தினார்.

இப்போது பாஸ் பார்க்கும்போது முதலில் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். இன்னாண்ணா, பொண்ணு பாக்க வந்துக்கிறியா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

அந்த அம்மாவிடமும் ஒரு தடவை கேட்டேன். "நோட்டு இருந்தது, நான் இருந்தன், படிச்சவங்க ரெண்டு பேரு இருந்தாங்க. ஒனக்கு மட்டும் எப்பிடிம்மா தெரிஞ்சிது?"

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஃபிளாஸ்க் கனமா இருந்திச்சுண்ணா. அந்நேரத்துக்குப் பாதியாவது காலியாயிருக்கணும்."

அவ்வளவுதான் அவருக்கு. அதைச் சொல்லிவிட்டு, எனக்கு டீ ஊற்றினார்.

நான் நிறைய மனுஷர்களைப் பார்த்தவன். கேட்டில் நின்றால் பார்க்கத்தான் வேண்டும். போகிறவன், வருகிறவன், கத்துகிறவன், கையில் ஏதோ மறைத்துக்கொண்டு போகிறவன். மனுஷன் என்றால் இவ்வளவுதான் என்று எனக்குள்ளே ஒரு முடிவு இருந்தது. அந்த முடிவு அன்றைக்குப் போயிற்று. பெயர் தெரியாது. பாஷை தெரியாது. சொந்தம் இல்லை. ஒருவன் குடிக்காத வெந்நீர் ஒரு பொம்பளையின் கக்கத்தில் கனத்தது. அதற்காக ஒருவர் கேஸுக்குள் போனார். ஒருவன் கயிறு பிடித்தான். ஒருவர் லாரியை எடுத்தார். இதில் யாரும் யாருக்கும் எதுவும் ஆக வேண்டியவர்கள் இல்லை.

கடைசியாக ஒன்று. அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதற்கு முன்னால் மேனேஜர் எல்லாரையும் மறுபடி பச்சை போர்டுக்குக் கீழே நிற்க வைத்தார்.

"இன்னொரு தடவை எண்ணு" என்றார்.

நோட்டை எடுக்கப் போனேன். எடுக்கவில்லை. கேபினிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று முகத்தைப் பார்த்தேன். தோளைத் தொட்டேன். மேனேஜரையும் தொட்டேன். பில் போடும் பெண்ணை மட்டும் தொடவில்லை, பார்த்துத் தலையாட்டினேன். ஆபரேட்டரின் தோள் ஈரமாக இருந்தது. திரும்பி வந்தவனின் கையில் கயிறு பதிந்த தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. டீ போடும் அம்மா, "என்னிய வேற எண்றியா, எண்ணு" என்றார். என் நெஞ்சில் ஒரு தடவை தட்டி என்னைச் சேர்த்துக்கொண்டேன். கடைசியாக அவன். குழாயடியில் உட்கார்ந்திருந்தான். மூடியை இன்னும் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். குனிந்து முகத்தைப் பார்த்தேன். இருபது நாளில் அதுதான் முதல் தடவை.

"எத்தனை?" என்றார் மேனேஜர்.

பதினான்கு.